ஆற்றில் படகு கவிழ்ந்தால், கவிழ்ந்த பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ற ஐப்பசியில், அணைக்கரைக்குக் கிழக்கே கொள்ளிடத்துத் திட்டில் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குக் காதுகுத்துக்காகப் போன எங்கள் உறவினர்களின் படகு கவிழ்ந்தது. எல்லோரும் கரையேறிவிட்டார்கள். என் அத்தை மட்டும் நுரையீரலில் தண்ணீர் போய், மருத்துவமனையில் இருந்து தேறி வந்தார். அன்று முதல் வீட்டுக்கு வருகிறவர்களும் போனில் அழைப்பவர்களும், இதே அனுபவப்பட்ட பக்கத்து ஊர்க்காரர்களும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் மருத்துவர், வழக்கறிஞர், தீயணைப்பு வீரர்கள், ஆற்றங்கரையிலேயே வாழ்ந்த பெரியவர்கள் ஆகியோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

"அன்னிக்கு ஆத்துல வெள்ளமே இல்லையே மாமா, அப்புறம் எப்படிப் படகு கவுந்துச்சு?"

படகு கவிழ வெள்ளம் வேண்டியதில்லை. ஆட்கள் ஒரே பக்கம் சாய்ந்தாலே போதும். அன்று மணல் திட்டில் ஒரு முதலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவும் போனில் எடுக்கவும் பலர் எழுந்து வலப்பக்கம் போய் நின்றார்கள். அதே நேரம் படகோட்டி திட்டை விட்டு விலக இடப்பக்கம் திருப்பினார். இடப்பக்கம் வேகமாகத் திருப்பினால் இத்தகைய படகு வலப்பக்கம் சாயும். ஆட்களின் பாரமும் திருப்பத்தின் சாய்வும் ஒன்றுசேர, விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தது. அதற்குப் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

உட்கார்ந்திருக்கும்போது படகின் பாரம் கீழே இருக்கும். எழுந்து நின்றால் மேலே ஏறிவிடும். அதோடு ஆட்களும் அதிகம் என்றால் சொல்லவே வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் திரண்டதும் அப்போது ஒரு காரணமாகப் பேசப்பட்டது. 2023 மே மாதம் கேரளாவின் தானூரில் 22 பேர் இறந்தபோது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு அது என்று தெரியவந்தது. நம் பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் நாளில் சுற்றுலா போன 22 பேரை இழந்தோம். மூன்றுமே ஆற்று வெள்ளத்தில் நடந்தவை இல்லை.

"கவுந்ததும் முதல்ல என்ன பண்ணணும்? நீந்திக் கரைக்கு வந்துடலாம்ல?"

படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பிறகு. கவிழ்ந்த படகு பெரும்பாலும் உடனே மூழ்கிவிடாது. தேடி வருபவர்களின் கண்ணிலும் தண்ணீரில் தனியாகத் தெரியும் தலையை விடப் படகுதான் முதலில் படும். எங்கள் வீட்டுப் பெண்கள் பிழைத்தது அப்படித்தான். பிடிக்கும்போது தண்ணீர் வரும் பக்கமாக இருங்கள். தண்ணீர் போகும் பக்கம் இருந்தால், படகு பாலத்தூணில் மோதும்போது நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். இஞ்சின் இருக்கும் முனைக்குப் போகாதீர்கள்.

படகு கைநழுவிப் போனால் மல்லாந்து மிதந்து, தண்ணீர் போகும் திசையில் காலை நீட்டிக்கொள்ளுங்கள். வழியில் கல்லோ கட்டையோ வந்தால் கால் முதலில் படட்டும், தலை படக்கூடாது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் சில நிமிடங்களில் கை ஓய்ந்துவிடும். நீரோட்டத்தோடு போய்க்கொண்டே சாய்வாகக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். நூறு அடி கீழே போய்க் கரையேறினாலும் பரவாயில்லை. ஓடும் தண்ணீரில் முழங்காலுக்குக் கீழே ஆழம் குறையும்வரை எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் எங்காவது சிக்கினால் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேலை காலைச் சுற்றினாலோ எதிலாவது மாட்டி இழுத்தாலோ அவிழ்த்து விட்டுவிடுங்கள். கரையில் துண்டோ வேட்டியோ தர ஆள் இருப்பார்கள். மானம் போய்விடும் என்று அந்த நேரத்தில் தயங்கி உயிரை விட்டவர்களைப் பற்றிக் கரையோர ஊர்களில் இன்றும் சொல்வார்கள். கேட்கவே மனம் தாங்காது.

"முதலை கிடக்கிற ஆத்துல விழுந்தா அது விடுமா?"

கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கமும், சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்திலும் முதலைகள் உண்டு. சிதம்பரம் பக்கத்து ஊர்களுக்குள் வருவதைப் பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுவார்கள். பலர் ஒன்றாக விழுந்து சத்தமும் அலையும் எழும்போது முதலை பெரும்பாலும் விலகிப் போய்விடும். ஆனாலும் தனியாகக் குளிப்பவர்களையும் ஆடுமாடுகளையும் தாக்கியது உண்டு. அதனால் முதலை படுத்திருந்த திட்டில் கரையேறாதீர்கள். நாணல் அடர்ந்த கரையைத் தவிர்த்து வெட்டவெளியான கரையைத் தேடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரில் இருக்கவே கூடாது.

"எங்க பையன் கிணத்துலயும் குளத்துலயும் மீன் மாதிரி நீந்துவான் சார், அவனுக்கு என்ன பயம்?"

கிணற்றுத் தண்ணீர் நிற்கும். ஆற்றுத் தண்ணீர் தள்ளும். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நம் ஆறுகளில் மணல் அள்ளிய குழிகள் வேறு இருக்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்துக்குள் போய்விடுகிறார். குழியின் விளிம்பு மணல் சரிந்துகொண்டே இருப்பதால் ஏறி வரவும் பிடி கிடைக்காது.

இன்னொரு இடம் மதகுகளின் கீழ்ப்புறம். கல்லணை, அணைக்கரை, வாய்க்கால் பிரியும் சின்னச் சின்னத் தலைப்பு மதகுகள் எல்லாவற்றிலும் ஷட்டருக்குக் கீழே விழும் தண்ணீர் அடியில் புரண்டு மேலே வந்து மறுபடி ஷட்டர் பக்கமே திரும்பும். அந்தச் சுழற்சியில் மாட்டிய ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். மேலிருந்து பார்த்தால் வெறும் நுரையாகத்தான் தெரியும். நீச்சல் வீரருக்கும் அங்கே வேலை இல்லை.

"கண்ணு முன்னாடி பிள்ளை முங்குறப்ப கரையில சும்மா நிக்க முடியுமா? குதிச்சுத்தான ஆகணும்?"

சும்மா நிற்கச் சொல்லவில்லை. குதிக்காமல் செய்யக்கூடியதை முதலில் செய்யச் சொல்கிறேன். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர் என்று ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போன செய்தி ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் கோடை விடுமுறைக்கும் வருகிறது. முங்குகிறவர் கையில் எது கிடைத்தாலும் ஏறி அழுத்துவார். அது அவர் தப்பில்லை, உயிர் பதைப்பு.

கயிறு இருந்தால் வீசுங்கள். இல்லாவிட்டால் இரண்டு சேலையையோ வேட்டியையோ முடிச்சுப் போட்டு வீசுங்கள். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன், பிளாஸ்டிக் குடம், டிராக்டர் டியூப், மூங்கில் கழி, எது மிதந்தாலும் சரி. கரையில் இருப்பவர் குப்புறப் படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும்; நின்றுகொண்டு நீட்டினால் இழுபட்டு உள்ளே விழுவார். கூட நிற்கும் ஒருவர் முங்கிய இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கைகாட்டிக்கொண்டே இருக்கட்டும். தேடி வருபவர்களுக்கு அது பெரிய உதவி.

"தண்ணி குடிச்சிருந்தா வயித்தை அமுக்கித் தண்ணியை எடுக்கணும், தலைகீழாப் பிடிச்சுச் சுத்தணும்னு எங்க தாத்தா சொல்வாரே?"

தாத்தா காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அது உயிரைக் காப்பாற்றுவதில்லை, நேரத்தைத்தான் வீணாக்குகிறது. வயிற்றை அமுக்கினால் வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆளுக்கு வேண்டியது காற்று.

மூச்சு இல்லையென்றால் சமதரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெற்றியைப் பின்னே சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். மார்பு மேலெழ வேண்டும். பிறகும் அசைவு இல்லையென்றால் மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்துங்கள். பிறகு 2 முறை ஊதுங்கள். மறுபடி 30, மறுபடி 2. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக்கூடாது. கை ஓய்ந்தால் ஆள் மாறுங்கள். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி எடுத்தால் வெளியே போகட்டும்.

இதை எழுத்தில் படித்து மட்டும் கற்க முடியாது. தீயணைப்பு நிலையத்தார் பள்ளிகளிலும் ஊர்களிலும் செய்து காட்டுகிறார்கள். ஊராட்சித் தலைவர் ஒரு கடிதம் கொடுத்துக் கேட்கலாம். எங்கள் தெருவில் அப்படித்தான் செய்தோம்.

"உப்புக் குவியல்ல புதைச்சு வச்சா ஒடம்புல இருக்கிற தண்ணியை உறிஞ்சி உயிர் வந்துடுமாமே, வாட்ஸ்அப்ல வந்துச்சு?"

வராது. இது முழுப் பொய். மூட்டை மூட்டையாக உப்புத் தேடி ஓடும் நேரத்தில், மேலே சொன்னபடி ஊதியும் அழுத்தியும் பிழைத்திருக்கக்கூடிய ஆளை இழந்துவிடுவோம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

"கரைக்கு வந்து காபி குடிச்சிட்டு நல்லாத்தானே பேசிக்கிட்டு இருக்காங்க, ஆஸ்பத்திரி எதுக்கு?"

என் அத்தையும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். இரவு இருமல் வந்தது, மூச்சு வாங்கியது, உதடு வெளுத்தது. நுரையீரலுக்குள் போன கொஞ்சத் தண்ணீரும் சில மணி நேரம் கழித்து வீக்கத்தை உண்டாக்கலாம். ஆற்றுத் தண்ணீர் என்பதால் சேறும் கிருமியும் சேர்ந்தே போகும். அதனால் தண்ணீருக்குள் முங்கி எழுந்து இருமியவர், ஒரு நொடியாவது நினைவு தப்பியவர், குழந்தைகள், ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள், எல்லோரையும் அன்றே மருத்துவமனையில் காட்டிச் சில மணி நேரம் கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள். விடாத இருமல், வேகமான மூச்சு, நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் என்றால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும்.

அப்புறம் காய்ச்சல். ஆற்றில் விழுந்த இரண்டு வாரத்துக்குள், சிலருக்கு ஒரு மாதம் வரைகூட, காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "ஆற்றில் விழுந்தேன்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. ஆணியோ கட்டையோ கிழித்திருந்தால் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி. மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள், பின்னால் வரும் கேள்விகளுக்கு அது தேவைப்படும்.

"நூறுக்கு அடிக்கவா, நூத்தியெட்டுக்கு அடிக்கவா? எங்களுக்கு அந்த நேரத்துல ஒண்ணும் ஓடல."

ஆள் தண்ணீரில் இருந்தால் முதலில் 101, தீயணைப்பு மீட்புத் துறை. ஆள் கரைக்கு வந்து மூச்சுக்குத் திணறினால் 108. எதுவும் ஞாபகம் வராவிட்டால் 112. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

எண்ணை விட முக்கியம், எந்தக் கரை என்று சொல்வது. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தின் தென்கரை தஞ்சாவூர், மயிலாடுதுறை மாவட்டங்கள். வடகரை அரியலூர், கடலூர். "கொள்ளிடத்துல படகு கவுந்துடுச்சு" என்று மட்டும் சொன்னால் வண்டி எதிர்க்கரைக்குப் போய் நிற்கும், பாலம் சுற்றி வர அரை மணி நேரம் போய்விடும். ஊர் பெயர், படகுத்துறை, பக்கத்துக் கோயில் அல்லது பாலம், வடகரையா தென்கரையா, இவ்வளவும் சொல்லுங்கள்.

"தண்ணி திறந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? காலையில காஞ்சு கெடந்துச்சே!"

கொள்ளிடம் வெள்ளத்தை வடிக்கும் ஆறு. காவிரியில் போதுமானது போக மிஞ்சுவதுதான் முக்கொம்பிலும் கல்லணையிலும் இதற்குள் திருப்பப்படும். அதனால் மணலாகக் கிடக்கும் ஆறு சில மணி நேரத்தில் கரை தொடும். வினாடிக்கு 1 லட்சம் கனஅடி என்று செய்தியில் படிக்கிறோமே, அது வினாடிக்கு 28 லட்சம் லிட்டருக்கு மேல். மேட்டூர் 120 அடி நிரம்பி உபரி நீர் திறந்தார்கள் என்றால், அது கல்லணைக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

மேட்டூர் உபரி பற்றிய செய்தி வந்த வாரத்தில் திட்டுக்குப் போகும் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டூரை மட்டும் பார்த்தால் போதாது. பவானி, அமராவதி வழியாக வரும் தண்ணீரும் உள்ளூர் மழையும் சேரும். கிளம்பும் முன் கிராம நிர்வாக அலுவலரிடமோ, பக்கத்து மதகில் வேலை பார்க்கும் நீர்வளத் துறை ஊழியரிடமோ ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார்கள். முகூர்த்தம் குறித்தாகிவிட்டது என்பதற்காக ஆறு காத்திருக்காது.

"போன், தோடு, ஆதார் கார்டு எல்லாம் ஆத்தோட போச்சு. கிடைக்குமா?"

நகை கிடைப்பது அரிது. சிம்மை உடனே முடக்கி அதே எண்ணில் புதியது வாங்குங்கள். வங்கிக் கணக்கு அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஆவணங்கள் தொலைந்ததற்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பதிவு செய்து ரசீது எடுக்கலாம். ஆதாரை இ-சேவை மையத்தில் மறுபடி எடுக்கலாம். காவல் நிலையத்தில் விபத்துப் புகார் கொடுக்கும்போது தொலைந்த பொருள்களையும் அதில் எழுதுங்கள்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே, எதுக்குப் போலீஸு கேஸுன்னு? கோயிலுக்குப் போன எடத்துல..."

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது. நான் இதில் உறுதியாக இருக்கிறேன்: யாரும் சாகவில்லை என்பதால் நடந்தது நடக்காததாகிவிடாது. எழுதி வைக்கப்படாத விபத்து யார் கணக்கிலும் இல்லை. அதே படகு, அதே துறை, அதே அளவு கூட்டத்தோடு அடுத்த வாரமும் கிளம்பும். ஒரு உயிர் போன பிறகுதான் பதிவு என்றால், அந்த உயிர் யாருடையதாக இருக்கும்?

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. காசு வாங்கிக்கொண்டு, அளவுக்கு மீறிய பாரத்தோடு அல்லது பாதுகாப்பற்ற நிலையில் இருக்கும் படகில் தெரிந்தே ஆள் ஏற்றுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 284ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை உண்டு. யாராவது சாக வேண்டும் என்று அந்தப் பிரிவு காத்திருக்கவில்லை. அலட்சியத்தால் உயிர் போனால் 106ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை.

புகார் எழுதும்போது நாள், நேரம், துறை, எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு கட்டணம், லைஃப் ஜாக்கெட் இருந்ததா, யார் காப்பாற்றினார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். உடனே முதல் தகவல் அறிக்கை போடாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். எதிர்க்கரை எல்லை என்று திருப்பி அனுப்பினால், எல்லை எதுவானாலும் புகாரை ஏற்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். ஒரு நகலைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடமும் கொடுங்கள்.

"படகோட்டி நம்ம ஊர்ப் பையன், அவன்தானே குதிச்சு நாலு பேரைத் தூக்குனான். அவன் மேலயே புகாரா அண்ணே?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோருமே மனசாட்சியோடு கேட்டார்கள். அந்தப் பையன் கூலிக்கு ஓட்டுகிறவன். படகு வேறொருவருடையது. எத்தனை பேரை ஏற்றுவது, ஜாக்கெட் வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்தது அந்த வேறொருவர். புகாரில் இதை அப்படியே எழுதலாம், எழுத வேண்டும். "படகோட்டி எங்களைக் காப்பாற்றினார்" என்ற வரி என் மாமாவின் புகாரில் இருக்கிறது. விசாரணையில் அது அவனுக்குத் துணை நிற்கும். புகாரே இல்லாமல் அடுத்த விபத்தில் உயிர் போனால், அப்போது முதலில் கைதாகப்போவது துடுப்பும் இஞ்சினும் பிடித்திருந்த அவன்தான்.

யாரைத் தண்டிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வதோடு உங்கள் பங்கு முடிகிறது. நன்றியும் புகாரும் ஒன்றோடொன்று மோதவேண்டிய விஷயங்கள் இல்லை. அவன் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தோம். அவன் அம்மா அழுதார். அதே வாரம் புகாரும் கொடுத்தோம்.

"பெரியவங்க வச்சுப் பேசி, ஆஸ்பத்திரி செலவைத் தர்றேன், இனிப் பிரச்சினை இல்லைன்னு கையெழுத்துப் போடுங்கங்கிறாங்க. போடலாமா?"

வெள்ளைத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். எழுதிய தாளாக இருந்தால் முழுதும் படியுங்கள். "மருத்துவச் செலவுக்காக இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்பது வேறு, "முழு இழப்பீடும் பெற்றேன், மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்பது வேறு. இரண்டாவதில் கையெழுத்திட்டால், நாளைக்கு நுகர்வோர் வழக்கில் அதையே எடுத்து நீட்டுவார்கள். காய்ச்சல் இருபது நாள் கழித்தும் வரலாம் என்று மேலே பார்த்தோம். அதற்குள் கணக்கை முடிக்க என்ன அவசரம்?

ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசுவதில் தப்பில்லை. பேச்சின் முடிவில் ஜாக்கெட் வாங்கியாக வேண்டும், ஆள் கணக்கு எழுதிய பலகை துறையில் வைத்தாக வேண்டும் என்று கேளுங்கள். எங்கள் துறையில் பலகை வந்துவிட்டது, ஜாக்கெட் இன்னும் போதுமான அளவு வரவில்லை.

"டிக்கெட்டே தரலை, கையில காசு கொடுத்தோம். நுகர்வோர் கோர்ட்டுல நிக்குமா?"

நிற்கும், காசு கொடுத்ததைக் காட்ட முடிந்தால். ஜிபே செய்திருந்தால் அந்த விவரம், படகுக்காரரோடு பேசிய அழைப்புப் பதிவு, படகில் எடுத்த போட்டோ, உடன் வந்தவர்களின் வாக்குமூலம், மருத்துவமனைச் சீட்டு, சி.எஸ்.ஆர். ரசீது, எல்லாம் சாட்சிதான். இலவசமாக ஏற்றிச் சென்றிருந்தால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சென்னையிலிருந்து வந்து விழுந்தவர் வழக்குக்காகத் தஞ்சாவூருக்கு அலைய வேண்டாம். படகுக் கட்டணம் போன்ற சிறு தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், உதவி எண் 15100.

"மூணு நாளாத் தேடுறாங்க, ஒருத்தர் கிடைக்கலைங்க. என்ன செய்யறது?"

திருச்சிப் பக்கம் ஒரு குடும்பத்தினர் இப்படிக் கேட்டார்கள். முதலில் அவர்கள் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், மற்றது பிறகு. நம் ஊர் வெப்பத்தில் உடல் பெரும்பாலும் 2, 3 நாளில் மேலே வரும். முங்கிய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்காமல் கீழே அடுத்த மதகு வரை, ஆற்றின் வளைவுகள், பாலத்தூண்கள், ஆகாயத்தாமரை ஒதுங்கும் மூலைகள், சாய்ந்த மரங்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றை அன்றாடம் அறிந்த மீனவர்களையும் தீயணைப்பு வீரர்களோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் போல மதகுக்குக் கட்டுப்பட்ட ஆறு என்றால், தண்ணீரைச் சிறிது நேரம் குறைக்கும்படி வட்டாட்சியர் மூலம் நீர்வளத் துறையைக் கேட்கலாம். வெள்ளக் காலக் கொள்ளிடத்தில் அது நடக்காது.

உடல் கிடைக்காமலே போனால், காணாமல் போனவர் என்ற புகாரை விடாமல் வைத்திருங்கள். பொதுவாக 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாத பிறகே இறந்ததாகக் கருதச் சட்டம் வழிவிடுகிறது. அதுவரை வங்கி, நில ஆவணம் எல்லாவற்றுக்கும் அந்தப் புகாரின் நகல்தான் ஆதாரம்.

"உடம்பை அறுக்க வேணாம்னு கெஞ்சி வாங்கிட்டு வந்து அடக்கம் பண்ணிட்டோம். இப்ப இன்சூரன்ஸ்காரங்க போஸ்ட்மார்ட்டம் கேக்குறாங்க."

அந்த மனநிலை புரிகிறது. ஆனால் விபத்துக் காப்பீடு பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டின் மேல்தான் நிற்கிறது. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அந்தப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்ச ரூபாய் உண்டு. 18 முதல் 70 வயது வரை. தண்ணீரில் மூழ்கி இறப்பதும் அதில் அடங்கும். 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி திட்டமும் இருந்தால் அது தனி 2 லட்சம். அதற்கு இறப்புக் காரணம் எதுவானாலும் சரி, பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமலும் கேட்டுப் பார்க்கலாம். இறந்தவரின் பாஸ்புக்கில் இந்தப் பிடித்தங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் இருப்பதே தெரியாது.

இனி இந்த நிலை யாருக்கு வந்தாலும், பிரேதப் பரிசோதனையை மறுக்காதீர்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கான மனுவுக்கும் இதே காகிதங்கள்தான் வேண்டும்.

"பாப்பா இப்பக் குளிக்கவே அழுவுது, ராத்திரி திடுக்குனு எழுந்துக்குது. மந்திரிச்சும் பார்த்தாச்சு."

மந்திரிப்பது உங்கள் நம்பிக்கை, செய்யுங்கள். கூடவே குழந்தையைப் பேச விடுங்கள். "அதை மறந்துடு" என்று வாயடைக்காதீர்கள்; எத்தனை முறை சொன்னாலும் கேளுங்கள். ஆற்றுக்குக் கூட்டிப்போய்ப் பயத்தைத் தெளிவிக்கிறேன் என்று வலுக்கட்டாயம் செய்ய வேண்டாம். குவளைத் தண்ணீரிலிருந்து மெதுவாக ஆரம்பியுங்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பெரியவர்களுக்கும் இதே பயம் வரும், அவர்கள் சொல்லமாட்டார்கள்.

"நாங்களாத்தானே அத்தனை பேரும் ஏறுனோம், எழுந்தும் நின்னோம். எங்க மேலயும் தப்பு இருக்கே, அப்புறம் எப்படி இழப்பீடு கேக்குறது?"

கேட்கலாம். பயணியின் பங்கும் இருந்தது என்று நுகர்வோர் ஆணையம் கருதினால் தொகையைக் குறைக்கலாம்; கோரிக்கையே செல்லாது என்று ஆகிவிடாது. இந்தப் படகு எத்தனை பேரைத் தாங்கும் என்று தெரிந்தவர் கட்டணம் வாங்கியவர்தான். "இதுக்கு மேல ஏறாதீங்க, உட்காருங்க" என்று சொல்லும் பொறுப்பும் அவருடையது. மேலே சொன்ன 284ஆம் பிரிவு ஏற்றிச் சென்றவரைத்தான் கேட்கிறது, ஏறியவரை இல்லை. சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை அவர்கள் மேல் பங்கு சுமத்துவது பொதுவாக நிற்காது. எழுந்து நின்றதை மறைக்காமல் மனுவில் எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு சாட்சி வைத்துச் சொல்லும்போது, மறைத்தது மட்டும்தான் உங்களுக்கு எதிராக நிற்கும்.